இருப்பு

அமைந்தகரை மார்க்கெட் எதிரே
மாடி ஏறினால் கோச்சிங் சென்டர்.
கீழே பிரியாணிக் கடை என்பதால்
எங்கள் ஆங்கிலத்தில் எப்போதும்
கொஞ்சம் பட்டை வாசம்.

பதினாலு நர்சுகள், ஒரு ஃபேன்.
வின்ஃப்ரெட் சார் பலகையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:
"வொர்ரீட் என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.
அது ஏழாம் வகுப்புச் சொல்.
அயர்லாந்துக்கு அது போதாது."

ஃபிட்ஜெட்டி, ஜிட்டரி, ஏன்ட்ஸி, ஆன் எட்ஜ்.
ஒவ்வொன்றாய் நாக்கில் வாங்கிக்கொண்டு
பதினைந்து பி பஸ்ஸில் மென்றபடி
நைட் டியூட்டிக்குப் போனேன்.

ஐசியூ வாசலில்
எனக்கு முன்பே வந்து நின்றிருந்தன எல்லாம்.

நாலாம் நம்பர் பெட்டின் தம்பி
பார்க்கிங் சீட்டை மடித்து மடித்து
அரிசி அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்.
பிரித்தார்.
மறுபடி மடித்தார்.

ஏன்ட்ஸி என்றால் எறும்பு ஊர்வதாம்.
கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த அந்த அம்மாள்
மூன்று நாளாய் இரும்பு நாற்காலியில்
இப்படி ஒருதரம், அப்படி ஒருதரம்.
எறும்பு வந்தாலும் குற்றமில்லை,
சர்க்கரை முந்நூற்று இருபது.
மாத்திரை வீட்டில் இருக்கிறதாம்.
போய் எடுத்துவரும் நேரத்தில்
கூப்பிட்டுவிட்டால்?

லிஃப்ட் திறந்தால் எழுந்து
மூடினால் உட்காரும் பையனுக்குக்
கல்லூரி அடையாள அட்டை இன்னும் கழுத்தில்.
அவனுக்கான சொல்லை சார் நாளைக்குத்தான் தருவார்.

ஆன் எட்ஜ் மட்டும் விளக்கமே வேண்டாம்.
அந்த வராந்தாவில் ஒருவர்கூட
நாற்காலியில் முழுதாய் உட்கார்ந்து பார்த்ததில்லை.

பதினோரு வருடமாய் கேஸ் ஷீட்டில் எழுதுகிறேன்,
ரெஸ்ட்லெஸ் என்று.
ட்யூபைப் பிடுங்குகிறவருக்கு அந்தச் சொல்.
டபுள் டியூட்டியில் நிற்கிறவளுக்கு
அதை எழுதக் கட்டம் இல்லை.

இன்னொன்று சாரிடம் கேட்க வேண்டும்.
உள்ளே படுத்திருப்பவர் பேஷன்ட்,
வெளியே நிற்கும் இவர்கள் இம்பேஷன்ட்.
இங்கிலீஷ்காரனுக்கு நோயும் பொறுமையும்
எப்போது ஒரே வீட்டுக்குக் குடிவந்தன?
நம் ஊர் நோயாளி
பொறுமையாய் இருப்பதாக
யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

வயிற்றில் பட்டாம்பூச்சி என்பதை மட்டும்
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.
பில் கவுன்ட்டரில் இன்னொரு லட்சம் என்றபோது
அந்தத் தம்பியின் பக்கத்தில்தான் நின்றேன்.
புளிதான் கரைந்தது.
எதுவும் பறக்கவில்லை.

பரீட்சையில்
எதிரே உட்கார்ந்த அம்மாள் நடித்தாள்.
தியேட்டருக்குள் என் மகன், பயமாய் இருக்கிறது சிஸ்டர் என்று
சுத்தமான ஆங்கிலத்தில், கண் கலங்காமல்.
படித்த சொற்கள் வாசல்வரை வந்தன.
செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றன.
"ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.
அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள்.
அதில் அது இல்லை போலும்.
"காலையில் ஒரு காபி" என்றாள்.
அந்தக் குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

இன்றோடு பதினேழு நாள்.
ஷெனாய் நகர் மெட்ரோ படியில் நின்று
கட்டைவிரலால் திரையை இழுத்து விடுகிறேன்,
இழுத்து விடுகிறேன்.
பட்டியலில் எனக்கென்று ஒன்று தேடினேன்.
ஜிட்டரி தோளோடு நின்றுவிட்டது.
ஏன்ட்ஸி இரண்டு சைஸ் சின்னது.
கடைசியில் நாசரேத்தில் இருக்கும் அக்காவுக்கு அடித்தேன்:
இருப்புக் கொள்ளல.

உடனே பதில்:
ஃபீஸ் கட்டினது போக எவ்வளவுடி இருப்பு?

சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்.
சிக்னலில் ஒரு டெலிவரிப் பையன்
பச்சை விழுவதற்கு ஒன்பது வினாடி முன்பே
ஹாரன் அடிக்கத் தொடங்கினான்.
அவனுக்குப் பின்னால் எல்லோரும்.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று
என்று அனுப்பிவிட்டு
திரையை மறுபடி இழுத்தேன்.